ஆசிரியர் இறந்தார், அடிக்கோடிடுக

எம்.ஏ. ஆங்கிலத்தில் ‘லிட்டரரி தியரி’ என்றொரு தாள் உண்டு. மற்ற தாளில் அரியர் வைத்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதில் வைத்தவனிடம் துக்கம் விசாரிப்பார்கள். ஷேக்ஸ்பியரைக் கதையாகச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம். தெரிதாவைக் கதையாகச் சொல்ல யாராலும் முடிந்ததில்லை, தெரிதா உட்பட.

எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். நோட்ஸ் சொல்வார், கமா ஃபுல்ஸ்டாப் சேர்த்துச் சொல்வார். ரோலன் பார்த்தின் ‘ஆசிரியரின் மரணம்’ கட்டுரையும் அப்படித்தான் நடந்தது. எழுதியவன் என்ன நினைத்தான் என்பது கணக்கில்லை, இனி வாசகன்தான் எல்லாம் என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல் பிசகாமல் எழுதிக்கொண்டோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்ப நாங்க எங்களுக்குத் தோணினதை எழுதலாமா சார்?” என்று எழுந்தான்.

“தாராளமா எழுதுப்பா. மார்க் வராது.”

பரீட்சைக்கு முன்பு சீனியர்கள் உபதேசம் ஒன்று செய்தார்கள். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று நிரூபிக்கும் விடையில் ஆசிரியர்களின் பெயர் வருமிடமெல்லாம் கறுப்பு மையில் அடிக்கோடிட வேண்டும். பேப்பர் திருத்துகிறவர் தாளைப் புரட்டும் வேகத்தில் அவர் கண்ணில் விழப்போவது அவை மட்டுமே. பார்த், ஃபூக்கோ, லக்கான், கிறிஸ்தெவா என்று நாலு கோடு கூடுதலாக விழுந்தால் நாலு மார்க் கூடுதலாக விழும். ஆசிரியரின் பெயர் ஆளைத் தாண்டித் தனியாக ஒரு வேலை பார்க்கிறது என்று ஃபூக்கோ 1969-இல் ஓர் உரை நிகழ்த்தினாரே, அவர் எங்கள் விடைத்தாள் ஒன்றைப் பார்த்திருந்தால் அவ்வளவு நேரம் பேசியிருக்க வேண்டியதில்லை.

மூல நூலை நாங்கள் தொட்டதில்லை. பீட்டர் பாரியின் அறிமுக நூல் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. அதுவும் யாராவது ஒருவர் வீட்டில்தான் இருக்கும். எங்களைக் கரையேற்றியது கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை. என்றைக்கோ படித்துவிட்டுப் போன யாரோ ஓர் அக்காவின் நோட்ஸ் அங்கே கட்டாக இருக்கும். பிரதியின் பிரதியின் பிரதி. வலது ஓரம் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டு, வரிக்கு ஒரு சொல்லை நாங்களே ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த அக்கா யார், இப்போது எங்கே இருக்கிறார், முதல் நோட்டு இன்னும் இருக்கிறதா, எதுவும் கடைக்காரருக்குத் தெரியாது. மூலமே இல்லாத நகல்களைப் பற்றி பூத்ரியார் 1981-இல் புத்தகம் போட்டார். அவரைப் பற்றிய பக்கம் எங்கள் கட்டில் முழுசாகக் கறுத்துப்போயிருந்தது.

இப்படிப் படித்ததில் கூச்சம் கொஞ்சம் இருந்தது. சொசூரின் கதை தெரிந்ததும் அது போய்விட்டது. அமைப்பியலுக்கு அஸ்திவாரம் போட்ட சொசூர், ஜெனீவாவில் மொழியியல் வகுப்பெடுத்தார்; அந்தப் பாடத்தைப் புத்தகமாக எழுதாமலே 1913-இல் காலமானார். 1916-இல் வந்த அந்தப் புகழ்பெற்ற புத்தகம், மாணவர்களின் நோட்ஸைத் திரட்டி பல்லி, செஷஹே என்ற இருவர் கோத்துக் கொடுத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அந்த இருவருமே அந்த வகுப்புகளுக்குப் போனவர்கள் இல்லை. அட்டெண்டன்ஸ் இல்லாதவர்கள் இரவல் நோட்ஸை வைத்து ஒரு நூற்றாண்டுச் சிந்தனையையே திருப்பிப்போட்டிருக்கிறார்கள். எங்கள் கல்லூரியாக இருந்தால் இருவருக்கும் ஹால் டிக்கெட்டே கிடைத்திருக்காது.

பார்த்தின் கட்டுரையும் ஒழுங்கான வழியில் வந்ததில்லை. அவர் பிரெஞ்சில் எழுதினார். 1967-இல் முதலில் வெளிவந்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. வெளியிட்ட ‘ஆஸ்பென்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையோ இசைத்தட்டு, ஃபிலிம் சுருள் எல்லாம் போட்டுப் பெட்டியாக வந்தது. பிரெஞ்சு மூலம் அடுத்த வருஷம்தான் அச்சேறியது. பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு அப்பாவுக்குப் பெயர்சூட்டு விழா.

இதையெல்லாம் எதிர் வராண்டாவில் தமிழ் எம்.ஏ. படித்த நண்பனிடம் அளந்தேன். தமிழ்த்துறைக்காரனிடம் எதைச் சொன்னாலும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்பான் என்று எதிர்பார்த்தால், அவன் உரையாசிரியர் நச்சினார்க்கினியரை இறக்கினான். “எங்க ஆளு முல்லைப்பாட்டுல ஒரு வரியிலேர்ந்து ஒரு சொல்லைப் பிடுங்கி, பல வரி தள்ளி இன்னொண்ணோட கோத்துப் பொருள் சொல்லுவார், மாப்ள. பட்டினப்பாலையிலயும் அதே வேலைதான். கேட்டா, மாட்டுன்னு அதுக்கு இலக்கணம் வேற வச்சிருக்கார்.” மறைமலையடிகள் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சி எழுதியபோது இதற்காக அவரைக் கண்டித்ததையும் அவனே சொன்னான். வாசகன் பிறக்க ஆசிரியர் சாக வேண்டும் என்றார் பார்த். நச்சினார்க்கினியர் ஆசிரியரை உயிரோடு உட்காரவைத்து, அவர் கண்ணெதிரிலேயே வீட்டைப் பிரித்து மாற்றிக் கட்டியிருக்கிறார். பார்த்தைவிடத் தெம்பு அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊரில் இந்தப் படிப்பைப் பற்றி வேறு கவலை. “என்னப்பா படிக்கிறே?” என்று கேட்ட பெரியப்பாவிடம், “தியரி” என்றேன். “பிராக்டிகல் எப்போ?” என்றார்.

பிராக்டிகலை அவரே வைத்தார். மின் மீட்டர் பெட்டியை உள்ளறையிலிருந்து வாசலுக்கு மாற்றித் தரும்படி மனு எழுத வேண்டும், எம்.ஏ. படிக்கிற பிள்ளை எழுதினால் எடுப்பாக இருக்குமாம். வெள்ளைத்தாளை எடுத்து ‘அனுப்புநர்’ என்று போட்டுவிட்டு, “கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு பெரியப்பா?” என்று கேட்டேன்.

“தாத்தா பேர்லதான்.”

தாத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கார்டு அவர் பெயரில், பில் அவர் பெயரில், பணம் கட்டிய ரசீதும் அவர் பெயரில்.

“மொதல்ல பேரை மாத்த வேண்டாமா?”

“அதுக்கு வாரிசு சான்றிதழ், அத்தைங்க கையெழுத்துன்னு ஆயிரம் கேப்பாங்கடா. இத்தனை வருஷம் அந்தப் பேர்லதான லைட்டு எரியுது? நீ தாத்தா எழுதுற மாதிரியே எழுது. கையெழுத்தை நான் போட்டுக்கறேன்.”