பயிற்சியாளர் நீக்கவியல்: ஓர் அறிமுகம்

கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்குதல் இருவகைப்படும்: வெளிப்படை, குறிப்பு. நீக்கிவிட்டோம் என்று நிர்வாகமே அறிவிப்பது வெளிப்படை. 'பரஸ்பர ஒப்புதலுடன் பிரிகிறோம்' என்று அறிவித்து, எஞ்சியதை ரசிகர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுவது குறிப்பு.

நீக்கத்தின் காரணம் தோல்வி என்பது பொதுமக்கள் கருத்து. நுணுகி நோக்கின் அது எண்ணிக்கைக் கணக்கேயாகும். தோற்ற ஆட்டக்காரர் பதினொருவர், பயிற்சியாளர் ஒருவர். ஆட்டக்காரரை மாற்ற இடமாற்றக் காலம் திறக்க வேண்டும். பயிற்சியாளரை மாற்ற எந்த நாளும் நல்ல நாளே.

குறிப்பு வகைக்குத் தமிழகச் சான்று சென்னையின் எஃப்.சி. அதன் பயிற்சியாளர் ஜான் கிரிகரி 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்று தந்தார். அடுத்த பருவத்தில் அணி கடைசி இடம் பிடித்தது. அப்போதும் அவர் நீடித்தார். 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் வெற்றி, ஆறாவதில் சமன். அதன்பின் பரஸ்பர ஒப்புதல். ஆகவே நீக்கம் தோல்விக்கு மறுநாளே வரும் என்ற விதி பொருந்தாது.

பிரிவு அறிக்கைக்கு மூன்று உறுப்புகள் உண்டு: நன்றி, பழைய கோப்பை பற்றிய நினைவு, எதிர்காலத்துக்கு வாழ்த்து. கோப்பை இல்லாதவருக்கு 'உழைப்பு' என்ற சொல் ஆகுபெயராய் நிற்கும்.

அடுத்து வருவது இடைக்காலப் பருவம். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் சென்னையின் எஃப்.சி. பயிற்சியாளர் போஷிதர் பாந்தோவிச் விலக, இடைக்காலப் பொறுப்பு துணைப் பயிற்சியாளர் சையத் சபீர் பாஷாவிடம் வந்தது. இடைக்காலத்தார் வென்றால் வியப்பு. தோற்றால் பழி முன்னவருக்கே.

புதியவர் வரவு இறுதி நிலை. கிரிகரிக்குப் பின் வந்த ஓவன் கோயில் அதே அணியை 2020 மார்ச்சில் இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். பின் ஜாம்ஷெட்பூருக்குப் போய், 2023-இல், கிரிவலத்தில் அடி அண்ணாமலையைக் கடந்தவர் ராஜகோபுரத்துக்கே வந்து சேர்வதுபோல், சென்னைக்கே திரும்பினார். 2025-இல் அவருக்கும் பரஸ்பர ஒப்புதல் வாய்த்தது. பதவிக்காலம் குறைந்ததற்கு இங்கிலாந்தின் பயிற்சியாளர் பிரையன் கிளஃபைச் சான்று காட்டுவர்: 1974-இல் லீட்ஸ் அணியில் அவர் இருந்தது 44 நாள்.

வெளிப்படை வகைக்குச் சான்று இந்திய அணி. அதன் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்த அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், 2024 ஜூனில் அவரை நீக்கியது. இழப்பீடாக 4 லட்சம் டாலர் தர நேர்ந்தது. எனவே வரவேற்பு மாலைக்கு ஆள் அனுப்புமுன், ஒப்பந்தத்தில் பிரிவுக்கான விதியை எழுதிக்கொள்வதே நிர்வாகத்துக்குச் சிக்கனம்.