இரண்டாந் தவணைக் கொப்பி: ஒரு பூர்வாங்க ஆய்வு

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கு நூற்றாண்டு மலர் உண்டு, வைரவிழா மலர் உண்டு, அதிபரின் மணிவிழா மலரும் உண்டு. அவற்றில் கட்டடங்கள் வரும், கிரிக்கெற் அணி வரும், பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை கோட்டும் சூட்டுமாக வரும். அத்தனை வருடமும் அங்கே சொல்லிக் கொடுத்ததெல்லாவற்றையும் எழுதி வாங்கிய கொப்பி மட்டும் வராது. இக்குறையை ஓரளவேனும் நிவர்த்திக்கும் பொருட்டு, கொப்பியின் வாழ்வில் அதிகம் சண்டைக்கு இடமான ஒரு கட்டத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டாந் தவணை தொடங்கும் அன்று, பழைய கொப்பியில் தாள் மிச்சமிருக்க, ஒரு பிள்ளை ஏன் புதுக் கொப்பி கேட்கிறது?

ஆய்வுக் களம் திருநெல்வேலி. ஊர் வாயில் தின்னவேலி. தாமிரபரணியும் அல்வாவும் உள்ள ஊரென்று நினைத்து வாசிக்கத் தொடங்கியவர்கள் மன்னிக்க வேண்டும். இது பலாலி வீதியில், மரக்கறிச் சந்தைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெயர்போன திருநெல்வேலி. காலையில் வெங்காயமும் கத்தரிக்காயும் விலை பேசும் சத்தத்தைத் தாண்டிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். அதே வீதியால் பின்னேரம் ரியூசனுக்குத் திரும்பி வருவார்கள்.

களத்தேர்வுக்கு வேறொரு நியாயமும் உண்டு. நடுவில் தொடங்குவது இவ்வூர் மண்ணுக்குப் புதிதல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் இங்கே பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். அரை நூற்றாண்டு கழிந்து அதே வளவு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாயிற்று. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவராக இருக்க, 1974 ஒக்டோபரில் திறப்பு விழா நடந்தது. இலங்கைப் பாடசாலை நாட்காட்டியைப் புரட்டினால் ஒக்டோபர் ஆண்டின் தொடக்கமாக வராது. வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 1979 ஜனவரி 1ஆம் திகதி. தொடங்க வேண்டிய திகதியில் தொடங்கிய காரியம் இப்பகுதியில் அபூர்வம் என்பதால் அதைத் தனியே குறித்து வைக்கிறோம்.

இனி ஆய்வின் முதற் சிக்கல்: கல்வியாண்டின் நடு எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு இடமில்லை. ஜூனில் தொடங்கும் ஆண்டுக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு; பெயரே பாதி வழியைச் சொல்லிவிடும். இலங்கையிலோ ஆண்டுக்கு மூன்று தவணை. மூன்றை இரண்டாகப் பிரித்தால் நடு, இரண்டாந் தவணைக்குள் ஏதோ ஒரு புதன்கிழமையில், மூன்றாம் பாடவேளைக்கும் இடைவேளைக்கும் இடையில் விழும். அந்த நேரத்தில் எவரும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. ரோல்சுக்குக் காசு போதுமா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதே அப்போது நடக்கும் ஒரே காரியம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிது. ஆண்டே நிலையாக நிற்பதில்லை. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்ட இலங்கைக் கல்வியாண்டு, 2020 மார்ச் நடுவில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் பூட்டப்பட்ட நாளிலிருந்து தடம் புரண்டது. 2022ஆம் ஆண்டின் முதலாந் தவணை ஏப்ரல் 18இல் ஆரம்பித்தது. 2023க்கு உரியது மார்ச் 27இல், 2024க்கு உரியது பெப்ரவரி 19இல், 2025க்கு உரியது ஜனவரி 27இல். ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை எண்ணிப் பார்த்தால் முதலாவது ஆண்டுக்கு 343 நாள், அடுத்ததற்கு 329 நாள், அதற்கடுத்ததற்கு மறுபடி 343 நாள். சூரியமானத்தில் ஆண்டுக்கு 365 நாள்; சந்திரமானத்தில் 354. இரண்டிலும் அடங்காத இந்தக் காலக் கணக்கை ‘அமைச்சுமானம்’ என்று வழங்குமாறு இக்கட்டுரை முன்மொழிகிறது.

யாழ்ப்பாணத்தவர்கள் இதற்குக் கலங்கவில்லை. ஒரே வருடப்பிறப்பை இரண்டு நேரத்தில் கொண்டாடிப் பழகியவர்கள் அவர்கள். கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் இன்னொன்று சொல்லும். பத்திரிகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும். வீட்டில் யாருடைய பேச்சு எடுபடுகிறதோ அவருடைய பஞ்சாங்கப்படி மருத்துநீர் வைக்கப்படும். மூன்றாவதாகக் கொழும்பிலிருந்து ஒரு பஞ்சாங்கம் சுற்றறிக்கையாக வந்தபோது, அதற்கும் ஒரு ஆணி அடித்துச் சுவரில் இடம் கொடுத்தார்கள்.

பரீட்சைகளின் பாடு இதைவிடச் சிக்கல். 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்தில் நடந்தது. 2022க்குரிய உயர்தரம் 2023 ஜனவரியில் தொடங்கியது. பெயரில் ஒரு வருடம், அனுமதி அட்டையில் வேறொரு வருடம், பிள்ளையின் வயதில் இன்னொரு வருடம். “எத்தனையாம் ஆண்டு எடுக்கிறாய்?” என்று கல்யாண வீட்டில் கேட்ட பெரியவருக்கு ஒரு பிள்ளை மறுமொழி சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் பந்தி முடிந்துவிடும்.

மேற்கண்ட குழப்பங்களிலிருந்து பிறப்பதே இவ்வாய்வின் மையக் கருதுகோள்: யாழ்ப்பாணத்தில் கல்வியாண்டு முதலாந் தவணையில் தொடங்குவதில்லை. ஒழுங்கான ஜனவரி ஆண்டையே எடுத்துக்கொள்வோம். பள்ளி தொடங்கி இரண்டு கிழமைக்குள் தைப்பொங்கல். பொங்கல் பானை கழுவி முடிய இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பயிற்சி தொடங்கும். இல்லத்துக்குச் சோடனை, அணிநடைக்குச் சப்பாத்து, தோரணத்துக்கு ஈர்க்கு என்று வகுப்பு பாதி காலியாகும். பிறகு சிவராத்திரி. பிறகு மார்ச்சில் யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமான வடக்கின் பெருஞ்சமர். 1904இலிருந்து நடக்கும் அந்தப் போட்டியில், இரண்டு கல்லூரிகளிலும் படிக்காத பிள்ளைகளுக்கும் ஏதோவொரு பக்கத்தில் கட்டாயக் கடமை உண்டு. அது முடியத் தவணைப் பரீட்சை, அதைத் தொடர்ந்து சித்திரை வருடம். இப்படிப் பார்த்தால் முதலாந் தவணை என்பது நூலுக்கு எழுதிய முன்னுரை. வாசிப்பவர்கள் தாண்டிப் போவது அதைத்தான். பாடம் தொடங்குவது இரண்டாந் தவணையில்.

பிள்ளைகளுக்கு இது தெரியும். சான்று கொப்பியில் இருக்கிறது.

திருநெல்வேலிச் சந்திப் பக்கத்தில் ஜனவரி வாக்கில் வாங்கப்படும் 80 பக்க ஒற்றை றூள் கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற் பக்கத்தின் உச்சியில், நடுவில், பிள்ளையார் சுழி. வலது மூலையில் திகதி, முழுதாக. இடப்பக்கம் சிவப்புப் பேனையால் அடிமட்டம் வைத்து இழுத்த ஓரக்கோடு. தலைப்புக்கு இரட்டைக் கோடு, ஒன்று நீலம், மற்றது பச்சை. எழுத்துகள் ஒவ்வொன்றும் கோட்டின் மேல் குந்தியிருக்கும். மூன்றாம் பக்கத்தில் பச்சைக் கோடு மறைகிறது. ஐந்தாம் பக்கத்தில் அடிமட்டம் தொலைந்திருக்க வேண்டும். கோடு கையால் இழுபடுகிறது. ஏழாம் பக்கத்தில் திகதியில் வருடம் இல்லை. பத்தாம் பக்கத்தில் திகதியே இல்லை, எனவே அதற்குப் பின் நிகழ்ந்தவற்றின் காலத்தைக் கல்வெட்டாய்வாளர்களாலும் நிர்ணயிக்க முடியாது. இருபதாம் பக்கம் பக்கத்துக் கதிரைக்காரனின் கையெழுத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் புத்தகக் கிரிக்கெற்றின் ஓட்ட விபரம். அதில் மட்டும் கூட்டல் பிழையே கிடையாது.

இத்தேய்வைச் சோம்பேறித்தனம் என்று சொன்ன ஆசிரியர்கள் உண்டு. அது மேலோட்டமான பார்வை. ஒரு நாள் தடிமன் வந்து வராமல் நின்ற பிள்ளை, இரண்டு பக்கத்தை வெறுமையாக விட்டு, “பிறகு பார்த்து எழுதுவம்” என்று அடுத்த பாடத்தைத் தொடங்குகிறது. அந்த இரண்டு பக்கம் நிரப்பப்பட்டதாக வரலாறு இல்லை. கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளை கண்ணில் குத்தும். ஆகவே புதுக் கொப்பி கேட்பது தாள் முடிந்ததால் அல்ல. பழைய கொப்பியில் பிள்ளையின் கடன் ஏறிவிட்டது. புதுக் கொப்பியில் கடன் இல்லை.

அரசாங்கமும் இதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. இலங்கையில் 1980 முதல் பாடநூல் இலவசம், 1993 முதல் சீருடை இலவசம். கணிதம் போன்ற பாடங்களின் நூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பகுதி I, பகுதி II என்று பிரித்தே அச்சிடுகிறது. பகுதி ஒன்று மூலை மடிந்து, மட்டை கழன்று, தேங்காயெண்ணெய் மணக்கும் வேளையில் பகுதி இரண்டு அலுமாரியிலிருந்து மடிப்புக் கலையாமல் இறங்கும். கொப்பிக்கு மட்டும் இலவசமும் இல்லை, பகுதி இரண்டும் இல்லை. அந்தச் செலவு தகப்பனுடையது. அதனாலேயே இவ்விடயம் கல்விப் பிரச்சினையாக இல்லாமல் குடும்பப் பிரச்சினையாக இருக்கிறது.

புள்ளிவிபரம் ஏன் தரப்படவில்லை என்று கேட்கும் வாசகருக்கு ஒரு விளக்கம். மூலாதாரங்கள் கைக்கு எட்டவில்லை. வருடம் முடியப் பழைய கொப்பிகள் நிறுத்து விற்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வீதியில் இருக்கும் கச்சான் கடைகளில் சரையாகச் சுருட்டப்படுகிறது. எட்டாந் தரத்து விஞ்ஞானத்தில் ஒளித்தொகுப்பு எப்படி நிகழ்கிறது என்பதை, உப்புப் படிந்த எழுத்தில், கோயில் மணலில் இருந்து வாசித்தவர்கள் இவ்வூரில் அநேகர். வாக்கியம் பாதியில் முறியும். மிச்சம் அடுத்தவரின் சரையில் இருக்கும்.

கொப்பித்தாள் இதைவிட உயர்ந்த பதவியும் வகித்திருக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுக் கடதாசி கிடைக்காமல், யாழ்ப்பாணத்துப் பத்திரிகை கோடு போட்ட கொப்பித்தாளில் வெளிவந்ததுண்டு. நாட்டு நடப்பு முழுவதும் ஒற்றை றூளில் வந்த காலம் அது. அப்போது பிள்ளைக்குப் புதுக் கொப்பி கேட்கும் எண்ணமே வந்திராது.

1995 ஒக்டோபர் 30இல் ஆய்வு மொழி கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும். அன்று மூன்றாந் தவணையின் நடுவில், யுத்தத்தால், வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை, இருட்டு, செம்மணி வெளியில் நகராத சனக்கூட்டம். தென்மராட்சிப் பாடசாலைகள் முதலில் அகதிகளுக்குத் தங்குமிடமாயின. பிறகு, உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் அதே வாங்குகளில் இடம்பெயர்ந்த பாடசாலைகள் இயங்கத் தொடங்கின. 1996 சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பி வந்தது. அந்த வருடத்துக் கல்வியாண்டு எப்போது தொடங்கியது என்று கேட்டால், ஒரே வீட்டிலேயே அக்கா ஒரு மாதம் சொல்லுவா, தம்பி வேறொரு மாதம் சொல்லுவான்.

நடுவில் வந்து சேரும் பிள்ளையைப் பற்றியும் ஒரு பந்தி அவசியம். தகப்பனுக்கு வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இடமாற்றம். மே மாதத்தில் விடுகைப் பத்திரத்தோடு ஒரு பிள்ளை வகுப்பு வாசலில் நிற்கிறது. வரவு இடாப்பில் பெயர்கள் ஏற்கெனவே வரிசையாக எழுதப்பட்டு முடிந்தவை. ஆகவே புதியவரின் பெயர் ‘அ’வில் தொடங்கினாலும் அடியில், ‘ஜ’வுக்கும் ‘ஹ’வுக்கும் கீழே ஏறும். வருட முடிவுவரை டீச்சர் கூப்பிடும்போது எல்லாரும் “வந்திருக்கிறன்” சொல்லி ஓய்ந்த பிறகுதான் அந்தக் குரல் வரும். ஆனால் தவணைப் பரீட்சை முடிந்து றிப்போட் வரும் நாளில், அந்தக் கடைசிப் பெயர் முதலாம் பிள்ளையாக வந்துவிட்டால், அன்று பின்னேரம் திருநெல்வேலியில் பல வீடுகளில் விசாரணை நடக்கும். “நேற்று வந்த பிள்ளை முதலாம் பிள்ளை. நீ எத்தினையாம் பிள்ளை?” புதியவரிடம் அந்த வகுப்பின் பழைய கொப்பி எதுவும் இல்லை என்பதை இக்கட்டுரை தன் கருதுகோளுக்கு ஆதரவாகக் குறித்துக்கொள்கிறது. வீட்டு விசாரணையில் அது எடுபடுவதில்லை.

எதிர்க் கருத்துக்கும் இடம் கொடுப்பது ஆய்வு மரபு. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த வருடம் ஏறிய கொப்பி விலை அம்மாக்கள் மனதில் ஒரு கோட்பாட்டை உருவாக்கிற்று. “உந்தக் கொப்பியில அரைவாசி வெள்ளையாக் கிடக்கு. பின்பக்கத்தால எழுது.” இக்கோட்பாட்டின்படி கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் கடைசிப் பக்கம் முதற் பக்கமாகிவிடும். செலவில்லாமல் இரண்டாந் தவணை தொடங்கும்.

இதன் நடைமுறை விளைவுகள் இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை. கொப்பி திருத்தும் டீச்சர் முன்பக்கத்தைத் திறந்தால் பெப்ரவரி வருகிறது. பின்பக்கத்தைத் திறந்தால் கிரிக்கெற் வருகிறது, அதற்கு உள்ளே ஜூன் தலைகீழாக வருகிறது. நடுத்தாளில் இரண்டு தவணையும் ஒன்றையொன்று முட்டி நிற்கும் இடத்தில், எந்தப் பக்கமாகப் பிடித்துக் கையொப்பம் வைப்பதென்று தெரியாமல், டீச்சர் கொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து இரண்டு பக்கமும் வைத்துவிட்டா. கீழே சிவப்பில் ஒரு குறிப்பு: “புதுக் கொப்பி வாங்கவும்.”