எழுந்து நின்ற கட்லெட்

ராஜேந்திர பிரசாத் சாலையில் அந்த ஷட்டருக்குப் பின்னால் முதலில் ஒரு டெய்லர் இருந்தார். அவருக்குப் பிறகு செல்போன் ரிப்பேர், அதற்கும் பிறகு மோமோ. போன மாதம் கறுப்புப் பெயின்ட் அடித்து, மஞ்சள் பல்புகளைத் தொங்கவிட்டு, செங்கல் படம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டினார்கள் (நிஜச் செங்கல் அதன் பின்னால் பத்திரமாக இருக்கிறது). அப்போதே என் மகன் சொல்லிவிட்டான், வருவது பர்கர் கடைதான் என்று. 2021-ல் அஸ்தினாபுரத்துக்காரர்களான நாங்கள் தாம்பரம் மாநகராட்சிக்காரர்கள் ஆனோம். மாநகரம் என்றால் பர்கர் வேண்டாமா என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

அம்மாவையும் கூப்பிட்டோம். "பன்னா? ஏன், யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றாள்.

இந்தக் கேள்வி புரிய ஐம்பது வயதாவது தாண்டியிருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பன்னும் ரொட்டியும் சாப்பாட்டில் சேர்த்தியில்லை, மருந்தில் சேர்த்தி. காய்ச்சல் நூறைத் தாண்டினால்தான் பேக்கரிக்கு ஆள் போகும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் பன் பாக்கெட்டும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது 189 ரூபாய் கொடுத்து பன் தின்பதை அம்மாவிடம் நியாயப்படுத்த முடியவில்லை. ஏசி இருக்கிறது என்று சொல்லித்தான் கிளப்பினோம்.

மெனுவில் மான்ஸ்டர், வால்கேனோ, டபுள் டெக்கர் என்று பயமுறுத்தும் பெயர்களாக இருந்தன. அஸ்தினாபுரத்தில் கடை போட்டுவிட்டு ஒரு பீமன் பர்கர் வைக்கத் தோன்றவில்லை பாருங்கள்! பகாசுரனுக்குப் போன வண்டிச் சோற்றைத் தானே உட்கார்ந்து தின்று தீர்த்த மனிதனை விட்டுவிட்டு எரிமலையைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

ஆர்டர் எடுத்த பையன் முதலில் கொண்டுவந்தது பர்கர் இல்லை. ஆளுக்கு ஒரு ஜோடி கறுப்புக் கையுறை. அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்குப்பா பிரசவம்?"

பையன் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

பிறகு வந்தது பர்கர். சரிந்துவிடாமல் உச்சியிலிருந்து ஒரு குச்சி குத்தியிருந்தார்கள். பல் டாக்டரிடம் போனால் வாயைத் திறக்கச் சொல்லி மூன்று விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். நுழைந்தால் தாடை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மனிதனுக்கு ஆண்டவன் கொடுத்த அளவு அவ்வளவுதான். இந்தப் பர்கர் ஒரு சாண் இருந்தது. என் மனைவி அதை இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கு எங்கேருந்துங்க ஆரம்பிக்கிறது?" என்றாள். "அமுக்கிக் கடிக்கணும்மா" என்று மகன் செய்முறை விளக்கம் கொடுத்தான். அவன் முன்பக்கம் கடித்ததில் பின்பக்கத்து வெங்காயம் மொத்தமும் தட்டுக்கு இறங்கியது.

உள்ளே இருக்கும் வட்டத்துக்கு பேட்டி என்று பெயராம். அமெரிக்காவில் அது மாட்டிறைச்சி. 1996 அக்டோபரில் மெக்டொனால்ட்ஸ் டெல்லி வசந்த் விஹாரில் முதல் கடையைத் திறந்தபோது மாடும் கிடையாது, பன்றியும் கிடையாது என்று முடிவெடுத்து, மகாராஜா என்று பட்டம் கொடுத்து ஆட்டிறைச்சி வைத்தார்கள். பிறகு சைவர்களுக்கு உருளைக்கிழங்கு டிக்கியும் வந்து சேர்ந்தது. உலகத்தையே வளைத்த கம்பெனி நம் ஊரில் வந்து உருளைக்கிழங்கிடம் சரணடைந்த கதை அது. எங்கள் தெருக் கடைவரைக்கும் அந்தச் சரணாகதி செல்லுபடியாகிறது.

இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாமலேயே அம்மா விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கையுறையை ஓரமாக வைத்தாள். குச்சியைப் பிடுங்கினாள். மேல் பன் தனி, கீழ் பன் தனி, வெங்காயம் தனி, முட்டைக்கோஸ் தனி. நடுவில் இருந்ததை விரலால் பிட்டு வாயில் போட்டாள்.

"இது கட்லெட்டுடா. ரயில்ல விப்பானே."

அவ்வளவுதான். பிரெட் இரண்டு, கட்லெட் இரண்டு, பல்லால் கிழிக்க வேண்டிய சாஸ் பாக்கெட் ஒன்று: இதைத்தான் காலம் காலமாக ரயிலில் மடியில் வைத்துத் தின்றுகொண்டு வந்திருக்கிறோம். அங்கே படுத்திருந்தது இங்கே எழுந்து நிற்கிறது. நிற்க வைத்த கூலிதான் மீதிப் பணம். "பிரிச்சுச் சாப்பிடக் கூடாது பாட்டி" என்று பேரன் கெஞ்சினான். "வயித்துக்குள்ள போய்ப் பிரியத்தானே போகுது" என்றாள் அம்மா. உண்மையைச் சொன்னால், அந்தக் கட்லெட் நன்றாகவே இருந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மிளகு கொஞ்சம் தூக்கல். பன்தான் அதன் குரலை அமுக்கிக்கொண்டிருந்தது.

பில்லில் ஐந்து சதவீத ஜிஎஸ்டி. 2024 செப்டம்பரில் கோவை அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எதிரிலேயே ஒரு கணக்குச் சொன்னார். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், அதனால் பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் வாடிக்கையாளர்கள் என்று. நாடே சிரித்தது. அந்தச் செய்தி அம்மா காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. அவள் பார்ப்பது சீரியல் மட்டும்.

"ஏம்ப்பா, இந்தக் கட்லெட் மட்டும் தனியா என்ன வெலை?"

பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "எக்ஸ்ட்ரா பேட்டி அறுபது ரூபா, பாட்டி."

"நாலு கட்டிக் குடு. பன்னு டீக்கடையில பத்து ரூபாதான், போற வழியில வாங்கிக்கிறோம்."