குழாயை எண்ணும் மேலிடத்துக்கு

பெறுநர்: நுண்ணீர்ப் பாசன மானியம் வழங்கும் மேலிடத்தார்.
பொருள்: தண்ணீரைச் சேமித்துவிட்டதாக எழுதிக்கொண்டமைக்கு நன்றி கூறுதல் – தொடர்பாக.

ஐயா,

5 ஏக்கருக்கு மேற்படாத நிலமுள்ள எங்களைப் போன்றவர்களுக்குச் சொட்டுநீர்க் கருவிகள் 100 சதவீத மானியத்தில் தருகிறீர்கள், மற்றவர்களுக்கு 75. டெல்லியின் விதி 55, 45 என்று நின்றுவிட, மீதியைச் சென்னை போட்டு நிரப்புகிறது. கொடுக்கிற கையைக் குறை சொல்லக் கூடாதுதான்.

சிட்டா, அடங்கல், புலப்படம், வட்டாட்சியர் சான்று எல்லாம் தந்தோம். குத்தகைக்காரர் மட்டும் 7 ஆண்டுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் கொண்டுவர வேண்டுமாம். எங்கள் பக்கம் குத்தகை வாய்ச்சொல்லில் முடிகிற சங்கதி. 7 ஆண்டுக்கு எழுதித் தரும் நிலக்காரர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அவரையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். குழாய் போடுமுன் ஒரு படம், போட்டபின் ஒரு படம் என்று எங்களை எடுக்கத்தான் செய்கிறீர்கள். தண்ணீரை யாரும் படம் எடுப்பதில்லை.

1990 முதல் எங்கள் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அது இழுக்கும் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொட்டுநீரும் இலவசம். நிலத்தடி நீர் பாதுகாப்பான குறுவட்டமாக இருந்தால், சொட்டுநீர் போடுகிறவர் புது போர் இறக்க 25,000 ரூபாய் வரை, மோட்டாருக்கு 15,000 வரை தனி உதவி. இறைக்கவும் மானியம், இறைக்காமல் இருக்கவும் மானியம். மிச்சமான தண்ணீர் எங்கே என்கிறீர்களா? அரை ஏக்கர் வாழை இருந்த இடத்தில் ஒன்றரை ஏக்கர் நிற்கிறது. களை குறைந்தது, கூலி குறைந்தது, கையில் காசு நின்றது; பொய் சொல்ல மாட்டேன். கிணற்று மட்டம்தான் ஏறவில்லை. உங்கள் கணக்கில் குழாய் போட்ட ஹெக்டேர் இருக்கிறது. நிலத்தடியில் நின்ற லிட்டர்? அளந்தால்தானே.

இடையில் ஒரு சிறு விண்ணப்பம். கறுப்புக் குழாயை எலியும் அணிலும் கடிக்கின்றன. உப்புத் தண்ணீர் டிரிப்பரை அடைக்கிறது. மறு மானியமோ 7 ஆண்டு கழித்துத்தான். அரசாணையின் நகல் ஒன்றை அணில்களுக்கும் அனுப்பி உதவவும்.

பஞ்சாபில் 2018-ல், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கருவி வாங்கியதற்கு அல்ல, இறைக்காததற்குக் காசு. நீங்களும் குழாயோடு ஒரு மீட்டர் கொடுத்துப் பாருங்கள். மீட்டர் என்றதும் பதறுவீர்கள், தெரியும். மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மூவரை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. மின் மீட்டர் என்றால் நானே பச்சைத் துண்டோடு ரோட்டுக்கு வந்துவிடுவேன். நான் கேட்பது தண்ணீர் மீட்டர். அதையும் 100 சதவீத மானியத்தில்.

இப்படிக்கு,
ஒரு பயனாளி

இணைப்பு: சிட்டா, அடங்கல் (மறுபடியும்).