தோட்டத்து ஒருநாள் டிரிப்: ஓர் இடைக்கால ஆய்வறிக்கை

சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றி அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. தேயிலை விளைச்சல், ரப்பர் விலை, லயத்துக் காம்பராவின் நீள அகலம், நாட்சம்பள நிர்ணயம் என்று ஒவ்வொன்றுக்கும் கோப்பு உண்டு. அறிஞர் உலகம் திரும்பியே பார்க்காத கேள்வி ஒன்றுதான். லயத்துக்குப் பின்னால் மலையும், மலையில் ஓடையும், ஓடைக்கு மேலே ஒரு சின்ன அருவியும் வைத்திருக்கிற குடும்பம், லீவு நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, வான் பேசி, வளைவுகளில் குலுங்கி, பாதி வழியில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்து, இன்னொரு மலையையும் இன்னோர் அருவியையும் பார்க்கப் போவது ஏன்?

இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க முயல்கிறது. ஆய்வுப் பரப்பு, இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்கள். ஆய்வுப் பொருள், விடியலில் போய் இரவுக்குள் வீடு திரும்பும் டிரிப். கல்யாணம், கருமாதி, கொழும்புக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போவது ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. கருமாதிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஆற்றில் இறங்கிக் குளித்து, அப்படியே ஒரு குரூப் போட்டோவும் எடுத்துக்கொண்டவர்களை எதில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

1. தொன்மை

டிரிப் என்பது வானோடு வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென குகையைக் கவனிக்க வேண்டும். 30,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் அங்கே இருந்திருக்கிறார்கள். தொல்லியலாளர் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வில் நுண்கற்கருவிகளும், குரங்கு, அணில், நத்தை தின்ற எச்சங்களும் கிடைத்தன. கூடவே, கடலே கண்ணுக்கெட்டாத அந்தக் காட்டுக்குள் கடற்சிப்பிகளும் இருந்தன. கித்துல்கல பெலிலென குகையிலோ, கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவரப்பட்டதற்கான தடயம் கிடைத்தது.

தொல்லியலாளர்கள் இதைக் கரையோரத் தொடர்பு என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்த ஆய்வு துணிந்து ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறது. சிப்பி, பிள்ளைகள் பொறுக்கியது. உப்பு, வீட்டிலிருந்த பெரியம்மா வாங்கிவரச் சொன்னது. இன்றும் நீர்கொழும்புப் பக்கம் போன எந்தத் தோட்டத்து வானும் கருவாட்டுப் பொட்டலம் இல்லாமல் திரும்புவதில்லை. சீட்டுக்கு அடியில் அது மணக்கும் மணத்தில் வான் சாரதி மறுபடி வாடகைக்கு வருவதா வேண்டாமா என்று யோசிப்பதும் அன்றிலிருந்து தொடரும் மரபாகவே இருக்கலாம்.

2. போக்குவரத்து

பிரித்தானியர் காலத்தில் நிலைமை மாறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்கு மாற, கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. கடன் கணக்கோடு ஊர் மாறுகிறவர்கள் வழியில் அருவி பார்க்க நின்றதாக ஆதாரமில்லை.

இடையில் கோச்சி வந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை இரண்டரை அடி அகலமே கொண்ட ஒடுக்கமான தண்டவாளம். 1902இல் அவிசாவளை, 1903இல் யட்டியாந்தோட்டை, 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஒப்பநாயக்க என்று மெல்ல மெல்ல ஊர்ந்து போனது. தேயிலைப் பெட்டிக்கும் ரப்பருக்கும் போட்ட பாதை, ஆட்கள் ஏறியது கொசுறு. யட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதியும் 1970களில் நின்றுபோனது. ஆகவே இன்றைய ஆய்வாளருக்கு மிஞ்சியது வானும், நெருங்கிய சொந்தமென்றால் லொறியும்தான்.

3. சாக்கு விதி

“அருவியில குளிக்கப் போறோம்” என்று அறிவித்துவிட்டுப் புறப்பட்ட வான் ஒன்றுகூட ஆய்வில் அகப்படவில்லை. எல்லா வானும் சாமி கும்பிடத்தான் போகிறது. இரத்தினபுரி மகா சமன் தேவாலயம், பருவ காலமானால் பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலை, இல்லாவிட்டால் யாரோ எப்போதோ நேர்ந்துகொண்ட ஒரு முருகன் கோயில். அருவி என்பது எப்போதும் ‘போற வழியில’ இருப்பது. சில சமயம் அந்த வழி, கோயிலைத் தாண்டி இருபது மைல் எதிர்த்திசையில் போகும்.

காரணம் எளிது. தாத்தாவிடம் காசு கேட்க வேண்டும். குளிக்கக் காசு கேட்டால் “பீலியில தண்ணி வரலையா?” என்பார். கும்பிடக் கேட்டால் மறுக்க முடியாது. இதிலிருந்து பெறப்படும் விதி: கும்பிடும் நேரமும் குளிக்கும் நேரமும் எதிர்விகிதத்தில் அமையும்; பயண அறிவிப்பில் மட்டும் வரிசை மாறியிருக்கும்.

4. புறப்பாட்டு விதி

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நேரம் தவறாமல் போய் நிற்கும் அதே மக்கள், ஆறு மணி வானை எட்டரைக்குத்தான் நகர விடுகிறார்கள். இதை ஒழுக்கக் குறைவு என்று சொல்வது மேலோட்டமான பார்வை. பெரட்டில் பிந்தினால் அன்றைய சம்பளக் கணக்கான பேர் போகும், அல்லது அரைப் பேர்தான் விழும். டிரிப்பில் பேர் போடக் கணக்கப்பிள்ளை இல்லை. எனவே தாமதம் என்பது டிரிப்புக்கு முன்னால் நடப்பதல்ல, டிரிப்பின் முதல் நிகழ்ச்சியே அதுதான்.

வானுக்குப் பக்கத்தில் நடக்கும் உரையாடலில் ஒரு மாதிரி:

“மாமா, ஹோர்ன் அடிக்காதீங்க. தங்கச்சி இப்பத்தான் தல சீவுது.”

“தல சீவுறத நேத்தே சீவி வைக்கக் கூடாதா?”

“சீவித்தான் வச்சிச்சு. படுத்தா கலையாதா மாமா?”

இந்தத் தர்க்கத்துக்கு இதுவரை எந்த மாமாவும் மறுப்புச் சொன்னதில்லை.

5. பார்சல் இயல்

டிரிப்பின் அமைதி சோத்துப் பார்சலைப் பொறுத்தது. முதல் நாள் இரவே வாழையிலையை அடுப்புத் தணலில் காட்டி வாட்டி அடுக்கிவிடுவார்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பொரித்த நெத்தலிக் கருவாடு, ஓரமாய்க் கட்டச்சம்பல். பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது கட்டச்சம்பலின் சிவப்பு ஒரு பக்கச் சோற்றில் ஊறி இறங்கியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிறவரே பழுத்த அனுபவசாலி என்று கொள்ளலாம்.

இடையில் பொலித்தீன் லஞ்ச் ஷீட் ஓர் இருண்ட காலத்தை ஏற்படுத்தியது. 2017 செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்தபோது, சுற்றாடலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத பெரியம்மாக்கள்கூட “நான் அப்பவே சொன்னேன்” என்றார்கள்.

முட்டைப் பங்கீடு தனி ஆய்வுக்குரியது. பிள்ளைகளுக்குப் பாதி முட்டை, பெரியவர்களுக்குப் பாதி, வான் சாரதிக்கு முழு முட்டை. அவித்தவர் தனக்கு முட்டையே பிடிக்காது என்பார். வீட்டில் அவருக்கு முட்டை பிடிக்கும்.

6. மழை முரண்

இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. இங்கேதான் ஒரு தத்துவச் சிக்கல் பிறக்கிறது. காலையில் மழை பெய்து மரம் நனைந்தால் ரப்பரில் பால் வெட்ட முடியாது. பட்டை வழியே வழிந்து பால் வீணாகும். ஆக, மழை நாளில் பால் வெட்டுகிறவருக்கு ஓய்வு உண்டு, டிரிப் இல்லை. வெயில் நாளில் டிரிப்புக்கு வாய்ப்பு உண்டு, ஓய்வு இல்லை. தேயிலைக்காரருக்கு இந்தப் பாதி ஓய்வும் கிடையாது. மழைக்குக் கொழுந்து தளதளவென்று வரும், கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

அருவியும் இந்தச் சிக்கலுக்கு உடந்தை. அது பார்க்க அழகாய் விழும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில்தான் பாறை வழுக்கும், அட்டை கடிக்கும், மேலே பெய்த மழை கீழே குளிப்பவரைக் கேட்காமல் வரும். 2017 மே மாதத்தில் களுகங்கை பெருகி இரத்தினபுரி நகரமே நீரில் நின்றது. அந்த மாதத்தில் ஆறு பார்க்க யாரும் வான் பேசவில்லை, ஆறே வீடு தேடி வந்தது. எனவே, ரப்பர் இலையுதிர்க்கும் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரையான காலமே டிரிப்புக்கு உகந்தது என்று நிறுவப்படுகிறது.

7. அமைதியும் போயாவும்

நாள்களில் உகந்தது முழுமதிப் போயா. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் வார விடுமுறையே ஞாயிறு அல்ல, போயாதான். சந்திரனைப் பார்த்து ஓய்வெடுத்த அந்தக் காலத்தில், இன்று எந்தக் கிழமை என்று குழம்பியவர்கள் பலர். இப்போது மாதம் ஒரு போயா. அன்று மதுக்கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். ஆகவே போயா டிரிப் சட்டப்படி அமைதியான டிரிப். மாமாக்கள் தொலைநோக்குடையவர்கள் என்பதும், முதல் நாள் கடை திறந்திருக்கும் என்பதும் இந்த முடிவைப் பெரிதும் பாதிக்கின்றன. ஸ்பெயார் டயருக்குப் பக்கத்தில் என்ன பை இருக்கிறது என்று அத்தைமாருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதே டிரிப்பின் மெய்யான அமைதி.

8. கள ஆய்வு

கித்துல்கல: களனி கங்கைக் கரை. தாய்லாந்துக் கதையான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக டேவிட் லீன் இங்கே நிசமாகவே ஒரு பாலம் கட்டி, நிசமான ரயிலோடு வெடிக்க வைத்தார். 1957இல் வந்த படம் ஏழு ஒஸ்கார் வாங்கியது. பாலம் இல்லை, அடித்தளம் மட்டும் கிடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வானிலும் வெடித்த விதத்தை விளக்கும் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அவர் பிறந்த ஆண்டு இதற்கு ஒத்துவருவதில்லை. அதே ஆற்றில் வெளிநாட்டார் காசு கொடுத்து, ரப்பர்ப் படகில் ஏறி, தண்ணீரில் தூக்கியெறியப்படுகிறார்கள். ரப்பர் வெட்டியே பழகிய குடும்பம் இதைப் பேச்சற்றுப் பார்க்கிறது.

பின்னவல: 1975இல் தொடங்கிய யானைகள் அநாதை இல்லம். 2021 ஓகஸ்ட் 31இல் இங்கே இரட்டைக் குட்டிகள் பிறந்தன. சுமார் எண்பது ஆண்டுகளில் நாட்டில் அதுவே முதல் முறை. ஆய்வுக்கு முக்கியமானது வேறு. இங்குள்ள யானைகள் நாளுக்கு இருமுறை, சொன்ன நேரத்துக்கு, தெருவைக் கடந்து மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகின்றன. நேர்த்திக்கடன் இல்லை, சாக்கு இல்லை, தலை சீவத் தாமதமில்லை. மூன்றாம், நான்காம் பிரிவுகளில் கண்ட விதிகள் யானைக்குப் பொருந்தா.

போபத் எல்ல: குருகங்கையில், சுமார் 30 மீற்றர் உயரத்திலிருந்து அரசிலை வடிவில் விழும் அருவி. அமைதியாகக் குளித்து, அமைதியாகச் சாப்பிட்டு, அமைதியாக உட்கார வந்தவர்கள். முக்கால் மணி நேரத்தில் பெரியம்மா ஒருவர் எழுந்து, பிள்ளைகளின் ஈரத்துணிகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பாறையில் கும்மத் தொடங்கினார். “சும்மா இருங்க பெரியம்மா” என்றதற்கு, “இவ்வளவு தண்ணி சும்மா போகுதே” என்றார்.

9. முடிபு

இனி மூலக் கேள்வி. அழகுக்காகப் போகிறார்கள் என்ற கருதுகோள், வீட்டுப் பின்புறத்தைப் பார்த்ததுமே விழுந்துவிடுகிறது. தண்ணீருக்காக என்பது பீலியில் விழுகிறது. வேலையை மறக்கப் போகிறார்கள் என்பதைப் பெரியம்மாவே துவைத்துப் போட்டுவிட்டார்.

விடை வானின் சன்னலோரத்தில் கிடைத்தது. பலாங்கொடைப் பக்கத்து வளைவொன்றில் தேயிலை மலையைக் கண்டதும், கொழுந்தெடுக்கும் அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னது: “பாருங்கடி, கொழுந்து முத்திப் போச்சு. ரவுண்டு தவறவிட்டுட்டானுங்க.” யட்டியாந்தோட்டைப் பாதையில், பால் வெட்டும் அண்ணன் ரப்பர் மரங்களைப் பார்த்தார்: “வெட்டு ஆழமா இறங்கியிருக்கு. பட்டை இனி தேறாது.” இரண்டையும் சொன்னபோது அவர்கள் முகத்திலிருந்த நிறைவு, அருவி முன்னாலும் யானை முன்னாலும் காணப்படவில்லை. ஆக, தோட்டத்துக் குடும்பம் வான் பேசிப் போவது மலை பார்க்க அல்ல. அடுத்த தோட்டத்தில் கெட்டுக் கிடக்கும் வேலையை, அதைச் செய்ய வேண்டிய பொறுப்பே இல்லாமல், சீட்டில் சாய்ந்தபடி குறை சொல்லிக்கொண்டு கடந்து போக.

இந்த முடிபை உறுதிப்படுத்த மேலும் ஒரு கள ஆய்வு தேவைப்படுகிறது. பெல்மதுளைக்கு அருகில் 116 மீற்றர் உயரமுள்ள கிரிந்தி எல்ல தெரிவு செய்யப்பட்டுள்ளது. அருவித் தடாகம் ஆழம் என்பதால் பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்துவது என்றும், வான் காசை அட்வான்ஸ் கிடைத்ததும் வசூலிப்பது என்றும் தீர்மானமாகியுள்ளது. அந்தப் பாதையில் ஒரு பிள்ளையார் கோயில் இருப்பதாக மேல் லயத்துப் பாட்டி சொல்கிறார். கோயில் உறுதியானதும் தாத்தாவிடம் பேசப்படும்.