வெளிச்சத்துக்கு வந்த கேள்விகள்

இந்த வாரத் தபால் பையில் எல்லாமே விளக்குக் கேள்விகள். ஒளிக் கலை, மண்டப அலங்காரம், வீட்டு டியூப்லைட் என்று கலந்துகட்டி வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக ஸ்விட்ச் போடுவோம்.

கே: வெறும் விளக்குகளால் மனிதர்களின் மனநிலையை மாற்ற முடியுமா? ஓர் உதாரணம் ப்ளீஸ். (கும்பகோணம்)

ப: 2003, லண்டன், டேட் மாடர்ன் கலைக்கூடம். முன்பு மின் நிலையமாக இருந்த கட்டடம். அதன் டர்பைன் கூடத்தின் கோடியில் ஒலாஃபர் எலியாசன் அரைவட்டமாகச் சுமார் 200 மஞ்சள் விளக்குகளைப் பொருத்தினார். கூரை முழுக்கக் கண்ணாடி. நடுவில் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த மெல்லிய மூட்டம். கண்ணாடியில் அரைவட்டம் முழுவட்டமாகி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு சூரியன்! குளிருக்குக் கோட்டும் ஸ்கார்ஃபுமாக வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்கள். ஐந்து மாதத்தில் 20 லட்சம் பேர். அந்தச் சூரியனில் குளிர்காயச் சூடு கிடையாது. மனசு அதைப் பொருட்படுத்தவே இல்லை.

கே: அந்தக் கூடத்தில் உடுத்திப் போன துணியின் நிறமே தெரியாதாமே? (தஞ்சாவூர்)

ப: உண்மை. அந்த விளக்குகள் மஞ்சளை மட்டும் உமிழ்பவை. ஒளியில் இல்லாத நிறத்தை எந்தத் துணியும் திருப்பித் தராது. மஞ்சளும் கறுப்பும்தான் மிச்சம். பட்டுச் சேலைக்கும் கோணிச் சாக்குக்கும் அங்கே ஒரே அந்தஸ்து.

கே: கடையில் மெரூனாக இருந்த சேலை வீட்டில் காப்பிப்பொடி நிறமாகிவிட்டது. ஏமாற்றுகிறார்களா? (ஈரோடு)

ப: சேலை அதேதான், விளக்கு மாறிவிட்டது. நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று விளக்குக்கு மார்க் போட சி.ஆர்.ஐ. என்ற அளவு உண்டு. வெயிலுக்கு 100. விளக்கு 90-க்கு மேல் வாங்கினால் நம்பலாம். சேலையைக் கடைவாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கும் பாட்டிகளுக்கு இந்த அளவின் பெயர் தெரியாது, விடை தெரியும்.

கே: ஃபால்ஸ் சீலிங்கில் 24 லைட் போட்டேன். ஹாலில் உட்காரவே பிடிக்கவில்லையே, ஏன்? (சென்னை)

ப: எல்லாம் தலைக்கு நேர் மேலே இருப்பதால். மேலிருந்து கொட்டும் வெளிச்சத்தில் கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் நிழல் விழும். வருகிற விருந்தாளி எல்லோருக்கும் தூக்கம் கெட்ட முகம். மாலைச் சூரியன் தாழ வந்து பக்கவாட்டில்தான் அடிக்கிறது. 24-ல் 20-ஐ அணையுங்கள். மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை விளக்கு, சுவரைப் பார்த்து இன்னொன்று. ஹால் உங்களைக் கூப்பிடும். கரண்ட் பில் கூப்பிடாது.

கே: பேய்ப் படங்களில் விளக்கை எங்கே வைப்பார்கள்? (வேலூர்)

ப: கீழே. சூரியனோ நிலாவோ நம் காலடியிலிருந்து வெளிச்சம் அடித்ததில்லை. அதனால் தாடைக்குக் கீழே ஒளி பட்டால் பழகிய முகமும் அந்நியமாகிவிடும். பேய்க்குச் சம்பளம் வேண்டாம். டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி போதும்.

கே: ஒளியமைப்பில் பால பாடம் எது? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

ப: அமெரிக்கர் ரிச்சர்ட் கெல்லி 1952-ல் எழுதியது. ஒளியை மூன்றாகப் பிரித்தார். ஒன்று, 'இங்கே பார்' என்று சுட்டும் ஒளி: நாடக மேடையில் நாயகன் மேல் விழும் வட்டம். இரண்டு, நிழலில்லாமல் எங்கும் பரவும் ஒளி: மேகமூட்டமான காலை. மூன்று, மினுக்கும் ஒளி: வைர மூக்குத்தி. முதலாவது கவனத்துக்கு, இரண்டாவது நிம்மதிக்கு, மூன்றாவது குஷிக்கு. நம் கல்யாண மண்டபங்களில் மூன்றாவதை மட்டும் சீரியல் செட்டாகக் கொட்டிவிட்டு, மணமக்கள் முகத்தை மறந்துவிடுகிறார்கள்.

கே: பல்பு டப்பாவில் 2,700 கே, 6,500 கே என்று போட்டிருக்கிறதே, எது நல்லது? (நாகர்கோவில்)

ப: 'கே' என்றால் கெல்வின். மெழுகுவத்தி ஏறக்குறைய 1,900. பழைய குண்டு பல்பு 2,700. உச்சி வெயில் 5,500. நீலம் தட்டும் வெள்ளை டியூப்லைட் 6,500. எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். படிக்க, காய்கறி நறுக்க 4,000. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து பேச 2,700. நம் வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கும் 6,500 எரிகிறது. உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு தூக்கம் வரவில்லை என்றால் எப்படி?

கே: வெளிச்சத்துக்கும் தூக்கத்துக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா? (திருவண்ணாமலை)

ப: கண்ணுக்குள்ளேயே உண்டு. விழித்திரையில் கூம்பு செல், கோல் செல் என்று இரண்டு வகை உண்டென்பது பாடப்புத்தகச் சேதி. மூன்றாவதாக ஒரு வகை தானே ஒளியை உணர்வதை 2002-ல் டேவிட் பெர்சனும் சகாக்களும் எலிகளில் காட்டினார்கள். 'பகலா, இரவா?' என்று மூளையின் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புவது அதன் முக்கிய வேலை. 480 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளி பட்டால் 'பகல்!' என்று அடித்துச் சொல்லும். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு குறையும். படுக்கப்போகும் நேரத்தில் வெள்ளை விளக்கு போடுகிறவர், சொந்த மூளைக்கே வதந்தி பரப்புகிறார்.

கே: அந்தி சாய்ந்தால் செம்பருத்தி கறுப்பாகத் தெரிகிறது. கண் டாக்டரைப் பார்க்க வேண்டுமா? (சிவகாசி)

ப: வேண்டாம். யான் புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 1819-லேயே இதைக் கவனித்துவிட்டார். மங்கலில் கோல் செல்கள் பொறுப்பேற்கும். அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. இலை பளிச்சென்று இருக்கும், பூ கறுக்கும். தோட்டத்து விளக்கைத் திட்டமிடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு செடி வைக்க வேண்டும். மல்லிகை வெள்ளை யூனிஃபார்மில் ராத்திரி டியூட்டிக்கு வருவது சும்மா இல்லை.

கே: ஜீரோ வாட் பல்பு நிஜமாகவே ஜீரோவா? (அரியலூர்)

ப: பழைய ஜீரோ வாட் பல்பு பத்து, பதினைந்து வாட் சாப்பிடும். ஆனால் படுக்கையறைக்கு மங்கல்தான் அழகு என்று நம்மூருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அந்தச் சின்னப் பொய்யை மன்னித்துவிடலாம்.

கே: வெளிச்சத்தின் மேல் யாராவது சாய்ந்திருக்கிறார்களா? (புதுச்சேரி)

ப: சாய்ந்து, விழுந்து, கேஸும் போட்டிருக்கிறார்கள். 1980-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜேம்ஸ் டரல் ஒளியாலேயே சுவர் எழுப்பியிருந்தார். நிஜச் சுவர் என்று நம்பிச் சாய்ந்த ஒரு பார்வையாளர் விழுந்து அடிபட்டு வழக்குத் தொடர்ந்தார். ஒளி எவ்வளவு கெட்டியாகத் தெரிய முடியும் என்பதற்கு, கோர்ட்டிலேயே சாட்சி!

கே: அதே டரல் எரிமலையை விலைக்கு வாங்கினாராமே? (விருதுநகர்)

ப: அணைந்த எரிமலை. அமெரிக்காவின் அரிசோனாவில் ரோடன் கிரேட்டர். விமானம் ஓட்டத் தெரிந்தவர். வானத்திலிருந்து தேடிக் கண்டுபிடித்து, 1977-ல் வாங்கினார். உள்ளே சுரங்கப்பாதைகளும் அறைகளும் அமைத்து வருகிறார். அங்கே விளக்கு வேலையைச் செய்யப்போவது சூரியனும் நிலாவும் நட்சத்திரங்களும். இன்னும் வேலை முடியவில்லை. நம்மூரில் ஒருவர் மலையை வாங்கினால் மறுநாளே ஜல்லி.

கே: டியூப்லைட்டைச் சுவரில் மாட்டிவிட்டுக் கலை என்கிறார்களே! (கோவில்பட்டி)

ப: டான் ஃபிளாவின் 1963-ல் ஒரே ஒரு டியூப்லைட்டைச் சுவரில் சாய்வாக மாட்டித் தொடங்கினார். கடையில் யாரும் வாங்கக்கூடிய சரக்கு. தீர்ப்புச் சொல்லும் முன் மிலான் நகரின் சாந்தா மரியா அனுன்சியாத்தா தேவாலயத்தைப் பாருங்கள். மக்கள் அமரும் கூடத்தில் பச்சையும் நீலமும், குறுக்குக் கூடத்தில் ரோஜா நிறம், பீடத்தின் பின்னே பொன்னிறம். உள்ளே நடந்தால் இரவு, விடியல், பகல். 1996-ல் இந்தத் திட்டத்தை முடித்த இரண்டு நாளில் ஃபிளாவின் இறந்தார். மறு ஆண்டு நிறுவினார்கள். அத்தனையும் டியூப்லைட்தான்.

கே: நீல விளக்கு அமைதி, சிவப்பு விளக்கு ஆத்திரம் என்கிறார் நண்பர். நம்பலாமா? (தூத்துக்குடி)

ப: 1979-ல் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையின் அறைக்கு ஒரு வகை இளஞ்சிவப்பு பூசினார்கள். கைதிகள் சாந்தமாகிவிட்டதாக அறிவித்தார்கள். மற்றச் சிறைகளிலும் பெயின்ட் டப்பா திறந்தது. பின்னால் கவனமாகச் செய்த பரிசோதனைகளில் அந்த விளைவு தேறவில்லை. எவ்வளவு வெளிச்சம், எந்த நேரம், எந்தத் திசை என்று மூன்று கேள்வி கேட்காமல் நிறத்தை மட்டும் சொல்கிறவர் பெயின்ட் விற்கிறார்.

கே: வெளிச்சத்தை மருந்தாகவும் கொடுக்கிறார்களா? (ஊட்டி)

ப: கொடுக்கிறார்கள். குளிர்காலத்தில் வந்து, வெயில் திரும்பியதும் போய்விடும் மனச்சோர்வை 1984-ல் நார்மன் ரோசன்தாலும் சகாக்களும் விவரித்தார்கள். அவர் தென்னாப்பிரிக்க வெயிலை விட்டு அமெரிக்கா போனவர். சிகிச்சை: டாக்டர் யோசனைப்படி, காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன்னால் அரை மணி. ஆபீஸ் வெளிச்சம் 500 லக்ஸ். நேர் வெயில் ஒரு லட்சம். மொட்டைமாடி உள்ளவர் எல்லோரும் லட்சாதிபதி.

கே: ரிசப்ஷன் மேடையில் படபடவென்று வெட்டும் லைட் வேண்டும் என்கிறான் மகன். (திண்டுக்கல்)

ப: 1997 டிசம்பர் 16, ஜப்பான். டி.வி.யில் போக்கிமான் தொடரில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு தடவை மாறி மாறி வெட்டின. 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலிப்பு வர வாய்ப்புள்ளவர்களுக்கு விநாடிக்கு 3 முதல் 30 தடவை வெட்டும் ஒளி ஆபத்து. மெதுவாக நிறம் மாறும் விளக்கைப் போடச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு ஆம்புலன்ஸ் வருவது நன்றாக இருக்காது.

கே: எங்கள் நாயக்கர் மகால் ஒலி-ஒளிக் காட்சிக்கு முன்னோடி எது? (மதுரை)

ப: பிரான்ஸின் ஷாம்போர் கோட்டை. 1952-ல் பால் ராபர்-ஊதான் தொடங்கிவைத்தார். ஆள் நடிக்க வேண்டாம். தூணும் சுவரும் நடிக்கும், வெளிச்சம் டைரக்டர். உங்கள் மகாலில் சிலப்பதிகாரம் நடக்கும்போது கவனியுங்கள்: கண்ணகியிடம் கால்ஷீட் வாங்காமலே மதுரையை எரித்துவிடுகிறார்கள்.

கே: மைசூர் அரண்மனை விளக்கு ஏன் இவ்வளவு அழகு? (கிருஷ்ணகிரி)

ப: ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அவை இருக்கும் இடம். வளைவு, குவிமாடம், விளிம்பு என்று கோடு கோடாக வரைந்துவிட்டு, நடுவில் இருட்டை இருட்டாகவே விட்டிருக்கிறார்கள். ஃபிளட் லைட் அடித்திருந்தால் கட்டடம் தெரிந்திருக்கும், அரண்மனை தெரிந்திருக்காது.

கே: பட்ஜெட் இல்லாமல் ஓர் ஊரையே ஒளியால் மாற்ற முடியுமா? (காரைக்குடி)

ப: முடிந்திருக்கிறது. பிரான்ஸில் லியோன் நகரம், 1852 டிசம்பர் 8. மாதா சிலை திறப்பு விழா. புயல் வந்து கெடுக்கப் பார்த்தது. மாலையில் வானம் தெளிந்ததும், யாரும் உத்தரவு போடாமலே மக்கள் ஜன்னல் ஜன்னலாக மெழுகுவத்தி ஏற்றினார்கள். இன்று அது உலகின் ஒளிக் கலைஞர்கள் கூடும் பெருவிழா. திருக்கார்த்திகைக்கு வாசலில் அகல் வைக்கும் தெருக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கே: ஒளிக் கலையால் யாருக்கு என்ன நஷ்டம்? (வேடந்தாங்கல்)

ப: உங்கள் ஊர் விருந்தாளிகளின் சொந்தக்காரர்களுக்கு. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக 88 செனான் விளக்குகள், ஒவ்வொன்றும் 7,000 வாட், இரண்டு ஒளித்தூண்களாக வானத்தில் எழும். செப்டம்பர் பறவைகள் வலசை போகும் மாதம். ஒளியில் மயங்கி, அங்கேயே வட்டமடித்துச் சோர்ந்துபோகின்றன. வெவ்வேறு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் மட்டும் சுமார் 11 லட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டதாக 2017-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தீர்வு எளிது: ஆயிரம் பறவைக்கு மேல் சிக்கினால் 20 நிமிடம் அணைக்கிறார்கள், அவை கலைந்து வழி பிடித்துப் போய்விடுகின்றன. அஞ்சலி 20 நிமிடம் நின்றால் மரியாதை குறையாது, கூடும்.

கே: எங்கள் பாலத்துக்கு எல்.இ.டி. அலங்காரம் கேட்டு மனு கொடுக்கலாமா? (ராமேசுவரம்)

ப: கொடுங்கள், பராமரிப்பையும் சேர்த்து. சான்பிரான்சிஸ்கோவின் பே பாலத்தில் 2013-ல் லியோ வில்லாரியல் 25,000 எல்.இ.டி. விளக்குகளை அலையலையாக மின்னவைத்தார். காற்றும் மழையும் உப்பும் தின்று, 2023 மார்ச்சில் அணைக்க வேண்டியதாயிற்று. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார்; பல்பு மாற்ற யார் வருவார் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

கே: எதிர்வீட்டு ஃபிளட் லைட் என் படுக்கையறையில் விழுகிறது. என்ன செய்ய? (திருப்பூர்)

ப: சண்டை வேண்டாம், ஒரு துண்டுத் தகரம் போதும். விளக்கைத் தரை பார்த்துத் திருப்பி, மேலே ஒரு மூடி. வீணாகப் போன வெளிச்சம் அவர் வாசலுக்கே திரும்பும். கண்ணில் அடிக்கும் விளக்கு திருடனைக் காட்டாது. அவன் நிற்கும் நிழலை இன்னும் கறுப்பாக்கும். இந்தக் கடைசி வரியை மட்டும் எதிர்வீட்டாரிடம் சொல்லுங்கள். ஏணியை அவரே கொண்டுவருவார்.

கே: ஒளியமைப்பாளர் ஆக ஆசை. எங்கே தொடங்குவது? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

ப: இன்று ராத்திரி, உங்கள் அறையில். எல்லா விளக்கையும் அணையுங்கள். கையில் ஒரே ஒரு டார்ச். முதலில் கூரையில் அடியுங்கள்: அறை உயரும். அடுத்து சுவரை ஒட்டி அடியுங்கள்: பூச்சின் மேடுபள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். பிறகு தரையில்: அறை சுருங்கி நெருக்கமாகும். விளக்கு ஒன்று, அறை மூன்று. டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு இந்தப் பாடத்தைப் படிக்க முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே விளக்கு வைப்பது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் சம்பளம்.