நிற்காமல் எழுதும் கலை

பயண எழுத்தைத் தொழிலாகக் கற்றுக்கொடுக்கும் ஆசான்கள் பெருகியிருப்பது தமிழ் செய்த தவம். சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி, முந்திப் பணம் கட்டினால் சலுகை, முடிவில் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வாங்கியவர்கள் எங்கள் சிங்காரப்பேட்டை வழியாகத்தான் போகிறார்கள் என்பதில் எங்களுக்கு உள்ளூரப் பெருமை. பெங்களூரில் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை தாண்டித் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ போகிற சாலையில்தானே நாங்கள் இருக்கிறோம். பௌர்ணமி நெருங்கினால் கார்களை எண்ணி மாளாது. எங்கள் ஊரில் ஒருவரும் நிற்பதில்லை. நிற்காமலே எழுதிவிடுகிறார்கள். அதற்குத்தான் பயிற்சி.

கட்டுரையில் எங்களுக்கும் ஒரு வரி கிடைக்கும்: மலையடிவாரத்தில் உறங்கும் சிற்றூர்கள். ஜவ்வாது மலையின் காலடியில் விடியுமுன்பே பால் கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டிருப்பவர்களை உறங்கவைப்பது சாதாரண காரியமா? கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைச் சாதிக்கிறார்கள்.

முந்தைய தலைமுறைக்கு இந்த நுட்பம் கைவரவில்லை. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1911இல் பிறந்தவர். டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய் ஒளிப்படக் கலை படித்தவர். அவ்வளவு படித்தும் பிழைக்கத் தெரியாத மனிதர். காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று 1937இல் தோன்றியதும், காந்தி பதிவான பிலிம் துண்டுகளைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் மைல், 50,000 அடி பிலிம், மூன்று ஆண்டு உழைப்பு. 1940இல் படம் வெளிவந்தது. இன்றைய ஆசான் என்றால் நாற்காலியை விட்டு எழாமல், யாரோ எடுத்த காட்சிகளை இறக்கி, மேலே ஒரு பாட்டைப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்திருப்பார்.

செட்டியாரின் இன்னொரு அப்பாவித்தனமும் உண்டு. பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, எழுதியவர்களின் பெயரோடு வெளியிட்டார். பெயரை எடுத்துவிட்டு வாக்கியத்தை முன்பின்னாகப் புரட்டிப் போட்டால் அது தன்னுடையதாகிவிடும் என்ற எளிய வழி ‘குமரி மலர்’ இதழின் ஆசிரியரான அவருக்குக் கடைசிவரை தெரியவேயில்லை.

சிட்டியும் தி. ஜானகிராமனும் இன்னும் மோசம். ஒரே ஒரு ஆற்றின் வழியே குடகிலிருந்து கடல்வரை போய், 1971இல் அதற்கு ஒரு முழுப் புத்தகம். ஒரு ஆற்றுக்கு ஒரு புத்தகம்! ‘இந்தக் கோடையில் தவறவிடக்கூடாத ஐந்து ஆறுகள்’ என்று ஒரு பக்கத்தில் முடிகிற வேலை.

தொழிலின் வியாபாரப் பக்கத்துக்கு வருவோம். ஆசான்களின் மேதைமை ஒளிவிடுவது அங்கேதான். விடுதிக்காரர் அழைப்பார், கார் அனுப்புவார், மூன்று வேளை இலை போடுவார். திரும்பி வந்து எழுதுகிறவர், தற்செயலாக அந்தப் பக்கம் போனபோது கண்ணில் பட்ட சொர்க்கம் என்று எழுதுவார். வலது கை வாங்கியது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற அடக்கம்தான் காரணம். இந்த அடக்கத்தின் அருமை புரியாமல் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021இல் ஒரு விதி போட்டது: காசோ பொருளோ இலவசத் தங்கலோ வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் புகழ்ந்தால், இது விளம்பரம் என்று பார்த்தவுடன் தெரிகிற இடத்தில் சொல்ல வேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்குத் துணைபோகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு மிரட்டுகிறது. பயிற்சி பெற்றவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ‘விளம்பரம்’ என்ற சொல்லைத் தவறாமல் போடுகிறார்கள். முப்பது ஹேஷ்டேகுகளுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய எழுத்தில்.

இந்த நாகரிகம் பிரான்சிஸ் புக்கானனுக்கு இல்லை. 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட அந்த மருத்துவர், திப்பு வீழ்ந்த மறு ஆண்டின் மைசூர்ச் சீமையெங்கும் சுற்றினார். என்ன மண், என்ன பயிர், எத்தனை தறி, இரும்பு உருக்குகிறவன் கூலி என்ன என்று கண்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். 1807இல் மூன்று பாகமாக அச்சானது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஊரை எடைபோட உதவிய கணக்குதான் அது, புண்ணிய காரியமில்லை. ஆனால் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்திலேயே, வெல்லெஸ்லி பிரபுவின் உத்தரவின்பேரில் செய்த பயணம் என்று போட்டுவிட்டார். யார் சோற்றைத் தின்றோம் என்பதை இப்படியா முதல் பக்கத்தில் போட்டு உடைப்பது?

கருவிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். டிரோன், கைநடுக்கம் தாங்கும் பிடி, மூன்று லென்ஸ், முதுகுப்பைக்கு மழை உறை. ஒன்றிலும் கீறல் இல்லை, தூசி இல்லை. தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் நெய் பூசி மயிற்பீலி சூட்டி வைத்திருந்த வேல்களைப் பார்த்து ஔவை வியந்தாளே, அந்த வியப்புதான் எங்களுக்கும். அதியமான் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. தகடூரிலிருந்து காஞ்சிக்குப் போன ஔவை செங்கம் கணவாய் வழியாகத்தான், அதாவது எங்கள் ஊரைக் கடந்துதான் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு ஆசை. சான்று கேட்காதீர்கள், ஆசைதான்.

சான்று உள்ளதும் உண்டு. 1767இல் ஐதர் அலியும் நிஜாமும் சேர்ந்து துரத்த, கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படை காவேரிப்பட்டினம் பக்கமிருந்து சிங்காரப்பேட்டை வழியாகத்தான் பின்வாங்கியது. செப்டம்பரில் செங்கத்தில் மோதல். களத்தில் ஸ்மித்தின் கை ஓங்கியது. ஆனால் படைக்குச் சோறில்லை. அரிசி தேடித் திருவண்ணாமலைக்கு நடந்தார்கள். விடுதிக்காரரிடம் முன்கூட்டிப் பேசிவைக்காத பயணம் என்ன ஆகும் என்பதற்குப் பாடத்தில் சேர்க்கலாம்.

ஆசான்கள் மெச்சாத இன்னொரு எழுத்தாளன் இந்த வட்டாரத்தில் இருந்தான். பெயர் தெரியாது. செங்கத்துக்கு அப்பால் எடுத்தனூர் என்ற ஊரில், ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் ஒரு நடுகல்லில் எழுதியவன். அரசன் யார், எந்த ஆட்சியாண்டு, மாண்டவன் யார், எருமை மந்தையை மீட்கப் போய் எப்படி மாண்டான் என்பதைப் பொறித்துவிட்டு, கூடவே நின்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்ததையும் சேர்த்தான். நாயின் பெயரையும் விடவில்லை: கோவிவன். கல்லில் மாண்ட வீரனுக்குப் பக்கத்திலேயே அதன் உருவமும் இருக்கிறது. எழுத்துக் கணக்குப் பார்த்தால் இன்றைய ஒரு படக்குறிப்பு அளவுதான். முதல் வரியில் கொக்கி போட்டு வாசகனை இழுக்க வேண்டும் என்ற பாலபாடம்கூட அறியாதவன். விரும்பினால் பகிருங்கள் என்று கீழே இடம் விடவும் இல்லை. நாயின் பெயர் என்ன என்று யாரோ ஒருவரிடம் கேட்டிருக்கிறான். எவ்வளவு நேர விரயம்!

அந்த வட்டாரத்துக் கற்களைப் படியெடுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாக்கியது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள், வெயிலில் குனிந்து கல்லைத் துடைத்திருக்கிறார்கள். அவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மாங்காய்ப் பருவத்தில் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை. தோப்புகள் படத்துக்கு நன்றாக இருக்கும். அந்தக் காயை மாங்கூழ் ஆலை என்ன விலைக்கு எடுக்கிறது, விலை சரிந்த ஆண்டில் பறிகூலிக்கே கட்டாமல் மரத்தில் விட்டுவிடுகிறவன் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எங்களைச் சங்கடப்படுத்துகிறவர்கள் யாரும் வருவதில்லை. கண்ணியமானவர்கள். தோப்பின் பெயர் கட்டுரையில் ‘பெங்களூருக்கு மிக அருகில்’. காயின் பெயரும் ‘பெங்களூரா’தான் என்பதால் நாங்கள் வருத்தப்படுவதில்லை.

இப்போது ஆசான்கள் அடுத்த படியில் ஏறியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவிடம் ஊர்ப்பெயரைக் கொடுத்தால் ஆயிரம் சொல்லில் கட்டுரை வந்துவிடுகிறது என்று ஒரு வகுப்பு. இனி கார்கூட வேண்டாம். பெட்ரோல் மிச்சம், சுங்கக் கட்டணம் மிச்சம், எங்கள் சாலைக்கும் தேய்மானம் இல்லை. குறை சொல்ல ஒன்றுமே விட்டுவைக்கவில்லை.

ஆனாலும் பழைய பழக்கத்தை விட முடியாத மாணவர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு வேண்டுகோள். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடியுங்கள், பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேளுங்கள். எழுந்து போகும்போது டீக்குக் காசு கொடுத்துவிடுங்கள். எழுதுகிறவருக்கு இலவசம் என்ற வழக்கம் எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை.